பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல்

ரவை வாங்கப் போகிறேன் என்றால்
உப்புமாவா என்கிறார் அறவாழி.
நான்கு மாதமாக இதே சிரிப்பு.

ஐம்பது ரவை, பன்னிரண்டு டாலர் நாற்பத்தொன்பது.
ஒன்று, கால் டாலருக்கு ஒரு நூல் குறைவு.
அமரில்லோவின் இந்தக் கடையில்
தூண்டில் முள்ளுக்கும் மான்கறி மசாலாவுக்கும் நடுவே
செல்போனில் வகுத்துக்கொண்டு நிற்கிறேன்,
துவரம்பருப்புக்கு நிற்பது போலவே.

எஃகுக் கூடு என்றால் பத்தொன்பது காசுதான்.
போன மாதம் ஆசைப்பட்டு ஆயிரம் வாங்கினேன்.
ரேஞ்சு வாசலில் டுவெய்ன்
பெட்டிமேல் ஒரு காந்தத்தை வைத்தார்.
கண்காணாமல் போன பிள்ளையைக் கண்டதுபோல்
கட்டிக்கொண்டது அது.
"நம்ம சுவருக்கு ஆகாதும்மா" என்றார், அவர் பாஷையில்.
ஆயிரமும் இன்னும் கார் டிக்கியில்.
ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுங்கி
என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்காட்டுகின்றன.

பக்கத்து வீட்டு ரஸ்ஸல்
தானே மருந்து அடைத்த ரவைகளை
ஊறுகாய்ப் புட்டியில் போட்டு இனாமாக நீட்டினார்.
நானும் மருந்துக்காரிதான்.
முத்திரையில்லாத புட்டியிலிருந்து
ஒருவருக்கும் ஒரு மாத்திரை தந்ததில்லை.
நன்றி என்றது வாய். கை நீளவில்லை.

இங்கே மிஞ்சியவை இரண்டு, இரண்டும் பித்தளை.
ஒன்றில் நூற்றுப் பதினைந்து கிரெயின் என்றிருக்கிறது,
மற்றதில் நூற்றிருபத்து நான்கு.
கிரெயின் என்றால் தானிய மணி.
ஆஸ்பிரினையும் ஒரு காலத்தில் இதில்தான் நிறுத்தார்கள்.
தொழில் பழக்கம், கிராமுக்கு மாற்றிப் பார்த்தேன்.
நூற்றிருபத்து நான்கு
எட்டு கிராம், மிச்சம் ஏதோ தூசு.

எட்டு கிராம்.

ஒரு பவுன்.

தள்ளுவண்டியோடு யாரோ பின்னால் கனைக்கும்வரை
நகரவில்லை நான்.
கழுத்தில் கிடக்கிற சங்கிலி ஐந்து பவுன்.
விரல் தானாகப் போய் அதைத் தொட்டது.

வீட்டில், அலமாரி மேல்தட்டுப் பூட்டுப் பெட்டியில்
இன்னொரு பதினைந்து இருக்கின்றன.
மூக்கில் குழி விழுந்த ஜாதி.
ஒன்று ஒன்றரை டாலர்.
ராத்திரி ஷிப்டில், கவுண்டருக்கு அப்பால்,
ஒருவன் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு
ஒரே ஒரு மருந்தின் பெயரைச் சொன்ன வாரத்தில் வாங்கினேன்.
சொல்லும்போது அவன் பற்கள் கிடுகிடுத்தன.
இருபது வயது இருந்தால் அதிகம்.
கொடுத்தேன். எண்ணியே கொடுத்தேன், அறுபது.
அதுவும் பழக்கம்தான்.

காகிதத்துக்கு மலிவு ரவை,
மனிதனுக்கு உயர்ந்த ரவை.
கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட விலை கேட்கிற நான்
அன்றைக்கு வாய் திறக்கவில்லை.
வீணாய்ப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு
நான் வாங்கிய ஒரே சாமான் அது.

செவ்வாய் மாலை பெண்களுக்கு லேன் கட்டணம் கிடையாது.
ஏழு கஜத்தில் தொங்குகிறான் காகித மனிதன்.
இடப்பக்கம், கீழே, எப்போதும் அங்கேதான் போகிறது எனக்கு.
"இழுக்காதீங்க, அழுத்துங்க" என்கிறார் டுவெய்ன்.
வெடிக்கும் முன்பே பயந்துவிடுகிறதாம் என் மணிக்கட்டு.
ஒருநாள் சுட்ட கூடு தெறித்துக் காலருக்குள் விழுந்து
கழுத்தெலும்புமேல் ஒரு பிறை வைத்தது.
குழம்பு தெளித்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்தேன்.
தவறினால்தான் என்ன, மலிவுதானே என்கிறார் அறவாழி.
மலிவாய் இருப்பதால்தான் தவற முடிகிறது என்று
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

சில நாள் ஐந்தும் நெஞ்சில் விழும்.
டுவெய்ன் கட்டைவிரலைக் காட்டுவார்.
காகிதத்துக்குப் பற்கள் இல்லை,
அதனால் இருக்கும்.

வெளியே காற்று மாட்டுப்பட்டி வாசனையைக்
கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே தள்ளுகிறது.
விலை இரண்டும் ஒன்றுதான்.
கனமானது சுத்தமாக எரியும் என்கிறான் கடைப் பையன்.
இருக்கட்டும்.
நூற்றுப் பதினைந்திலேயே நாலு பெட்டி எடுத்தேன்.
பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சலாகவே
இருந்துவிட்டுப் போகட்டும்.